ஆரஞ்சு மிட்டாய்க் கணக்கு

குழந்தை மருத்துவத்தில் எம்.டி. படிக்க என் மகள் வயிற்றுப் பேத்திக்கு இடம் கிடைக்கும் என்று ஆனபோது, இரண்டு மருத்துவக் கல்லூரிகள் மிஞ்சின. எதை முதலில் போடுவது என்று புதன்கிழமை மாலைக்குள் கணினியில் பூட்டிவிட வேண்டும். அப்புறம் மூன்று வருஷத்துக்கு மாற்ற முடியாது. அவளோ சென்னையில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் டூட்டி டாக்டர். லீவு கிடையாது.

"தாத்தா, நீங்க போய் ஓ.பி.யில சும்மா உக்காந்து பாத்துட்டு வாங்க. பி.ஜி. டாக்டருங்க எப்பிடி வேலை செய்றாங்கன்னு மட்டும் சொல்லுங்க" என்றாள்.

சும்மா உட்கார்வது எனக்கு வராது. ஆம்பூரில் ஷூ கம்பெனியில் செக்கிங் மேஜைகளுக்குப் பொறுப்பாக இருந்தவன் நான். எந்த மேஜையிலிருந்து "சார், இந்தப் பீஸ் சந்தேகமா இருக்கு" என்று அதிகம் பேர் எழுந்து வருகிறார்களோ, அது தேறாத மேஜை. ஆஸ்பத்திரிக்கும் அதையே அளவுகோலாக வைத்துக்கொண்டேன். எழுதிக்கொண்டிருந்தால் யாராவது கேட்பார்கள். அதனால் வலது ஜிப்பா பையில் இருபது ஆரஞ்சு மிட்டாய். இளம் டாக்டர் ஒருவர் பெரிய டாக்டரிடம் எழுந்து போனால் ஒரு மிட்டாய் இடது பைக்குப் போகும்.

ஆனால் குழந்தைகள் ஓ.பி.யில் கிழவன் ஒருவன் தனியாக உட்கார்ந்திருந்தால் செக்யூரிட்டி சும்மா விடுவானா? அந்தக் கவலையில் ஒரு ராத்திரி போயிற்று. பக்கத்து வீட்டு பாய்தான் தீர்த்துவைத்தார். அவருடைய நாலு வயதுப் பேத்திக்கு இருமல். நிஜமான இருமல்.

"எப்பிடியும் டாக்டர்கிட்ட காட்டணும் சாரே. நீயும் வா. ஆனா மானத்த வாங்காத" என்றார்.

திங்கட்கிழமை போனது வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த கல்லூரி. பஸ்ஸில் முக்கால் மணி. என் மனசு ஏற்கெனவே அங்கேதான் இருந்தது. அங்கே சேர்ந்தால் பேத்தி ஞாயிற்றுக்கிழமை வீட்டில் சாப்பிடுவாள். தரை பளபளத்தது. இளம் டாக்டர்கள் ஐந்து பேர், தலை நிமிராமல் எழுதினார்கள். பெரிய டாக்டரின் அறைக் கதவு சாத்தியிருந்தது. யாரும் எழுந்திருக்கவில்லை. இரண்டு மணி நேரம் இருந்தும் இடது பை காலி. பாயின் பேத்திக்கும் ஐந்து நிமிஷத்தில் மருந்து எழுதிக் கொடுத்தாயிற்று. நான் நிம்மதியாக வீடு வந்தேன்.

செவ்வாய்க்கிழமை இரண்டாவது ஊர். ஜோலார்பேட்டையில் வண்டி மாற வேண்டும். பாய்க்கு அந்த ஊரில் அக்கா வீடு இருந்தது, அதனால் இருமல் நிற்காத பேத்தியோடு வந்தார். ஒரே ஹால், சுவரில் காரை பெயர்ந்திருந்தது, பதினாலு ஃபேனில் மூன்று ஓடவில்லை. கடைசி மேஜையில் ஒரு பெரிய டாக்டரம்மா. உட்கார்ந்த கொஞ்ச நேரத்திலேயே எனக்குக் கை ஓயவில்லை. ஒரு பெண் எழுந்தாள், "மேடம், ரைட் சைடுல சத்தம் கேக்குது, ஆனா கன்ஃபர்மா தெரியல." அந்தம்மா எழுந்து வந்து கேட்டுவிட்டு, ஸ்டெதஸ்கோப்பை நகர்த்தி வைத்தார். "இங்க வெச்சுக் கேளு. இப்ப?" ஒரு மிட்டாய். அடுத்து ஒரு பையன். இன்னொரு மிட்டாய். இவர்களை நம்பிக் குழந்தையைக் கொடுப்பார்களா என்று எனக்கு வியர்த்தது.

எங்கள் முறை வந்தது. "ஆ காட்டு கண்ணு" என்று வாய்க்குள் டார்ச் அடித்த இளம் டாக்டர் திகைத்துப்போனாள். பிறகு எழுந்தாள்.

"மேடம், தொண்டையெல்லாம் ஆரஞ்சா இருக்கு."

டாக்டரம்மா வந்து பார்த்தார். "மிட்டாய் துன்னியா பாப்பா?"

பாப்பா பெருமையோடு என் இடது பையைக் காட்டினாள். பக்கத்தில் உட்கார்ந்து, நான் மாற்ற மாற்ற எடுத்துத் தின்றிருக்கிறாள்.

"இருமுற கொயந்தைக்கு யாருங்க இவ்ளோ குடுத்தது?"

"எனக்குத் தெரியாது மேடம்" என்றார் பாய். "இவரு யாருன்னே எனக்குத் தெரியாது."

ஹாலே சிரித்தது. டாக்டரம்மா இளம் டாக்டரின் தோளில் தட்டி, "கேட்டது கரெக்ட். நானும் ஒரு தடவை இப்பிடி பயந்திருக்கேன்" என்றார். கடைசியில் எழுதித் தந்தது திங்கட்கிழமை தந்த அதே மருந்து.

"ஒரே மருந்துக்கு ரெண்டு ஊரு. பேஜார் புடிச்ச ஆளுயா நீ" என்று பாய் வழியெல்லாம் திட்டினார். என் கவலை வேறு. வலது பையில் ஏழு, இடது பையில் இரண்டு. பாப்பா வலது பையில் கை வைக்கவில்லை என்று சத்தியம் செய்தாள். அப்படியானால் பதின்மூன்று.

மறுநாள் மத்தியானம் பேத்தி போன் செய்தாள். "முதல் இடம் பூஜ்யம், இரண்டாவது இடம் பதின்மூன்று" என்றேன்.

"பதிமூணு இன்னா தாத்தா?"

"தெரியலன்னு எழுந்து போனது."

"மேடம் திட்டினாங்களா?"

"இல்ல. ஒவ்வொரு தடவையும் எழுந்து வந்து பாத்தாங்க."

"பதிமூணு தடவையுமா! அப்ப முதல் எடத்துல அவங்க யாரக் கேப்பாங்க?"

சாத்தியிருந்த கதவு ஞாபகம் வந்தது. "யாரையும் கேக்கலியே" என்றேன்.

"ரொம்ப தேங்க்ஸ் தாத்தா. தூரத்துல இருக்கறத முதல்ல போட்டு லாக் பண்றேன்."

"ஃபேன் ஓடல," என்றேன். "தரை சரியில்ல. ஜோலார்பேட்டையில வண்டி மாறணும்." சிரித்துக்கொண்டே வைத்துவிட்டாள்.

இப்போது அங்கே முதல் வருஷம் படிக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை நானே ரயிலேறுகிறேன். மற்ற நாள் சாயந்திரம் போனில், "இன்னைக்கு எத்தனை?" என்பேன். ஆறு என்பாள், ஒன்பது என்பாள். எண்ணிக்கை ஜாஸ்தியானால் எனக்கு நன்றாகத் தூக்கம் வருகிறது. போன வாரம் ஒரு நாள் "ஒண்ணுமில்ல தாத்தா" என்றாள்.

பதறிப்போய், "ஏம்மா, மேடம் வரலியா? கதவச் சாத்திட்டாங்களா?" என்றேன்.

"தாத்தா, இன்னைக்கு எனக்கு லீவு."