உப்புப் பார்க்காத வெள்ளிக்கிழமை

தவக்காலம் வந்தால் நாற்பது நாளும் நான் மச்சம், மீனோ இறைச்சியோ, தொடமாட்டேன். வெள்ளிக்கிழமைகளில் ஒருசந்தி வேறு, ஒரு வேளைச் சாப்பாடுதான். இதை யாரும் கேட்காமலேயே சொல்லிவிடுகிற பழக்கம் எனக்கு உண்டு. ஒருசந்தி நாளில் என் வாயில் அகப்பட்டவர்கள் பாடு திண்டாட்டம் என்பதை மட்டும் சொல்வதில்லை.

ஜெர்மனியின் ஹம் நகரில் ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறையில் பதினெட்டு வருடமாக வேலை செய்கிறேன். ஒரு நாளாவது நான் சமைத்த பானை மிச்சமாகித் திரும்பி வந்ததில்லை என்பது அதுவரை என் பெருமை. தவக்காலத்தில் இறைச்சி சூப் வைத்தால், அப்போதெல்லாம் எனக்காக உப்புப் பார்த்தவள் யாழ்ப்பாணத்துச் சைவ சமயப் பெண் ஒருத்தி, மச்சம் சாப்பிடுபவள். அவள் வேலைக்கு வந்து அப்போது ஐந்து மாதம். ஆறு மாதம் முடிந்து வேலை நிரந்தரமானால்தான் ஊரில் இருக்கிற கணவரைக் கூப்பிட விண்ணப்பம் போடலாம். பாவம், காலண்டரைப் பார்த்துப் பார்த்தே நாளைக் கழித்தாள்.

வெள்ளிக்கிழமைகளில் அங்கே பொரித்த மீன். அதற்கு உப்புப் பார்க்கத் தேவையில்லை. ஒரு வெள்ளிக்கிழமை மீன் வண்டி வராமல் போனதால், அவசரத்துக்குப் பன்றியிறைச்சி போட்டுப் பட்டாணி சூப் வைத்தேன். பானை கொதிக்கும்போது அவள் வந்து நின்றாள்.

"அக்கா, வெள்ளிக்கிழமையில நானும் மச்சம் வாயில வைக்கிறேல்லை. உப்புப் போட்டாச்சோ?"

காலையிலேயே போட்டிருந்தேன். ஆனால் பசி, தலையிடி, மீன்காரன் மேலிருந்த கோபம் எல்லாம் சேர்ந்து அவள் தலையில் விடிந்தது. "எல்லாத்துக்கும் என்னையே கேக்கோணுமோ? போட்டுட்டு மற்ற வேலையைப் பாரும்!" என்று சீறினேன். அவள் ஒரு கைப்பிடி உப்பை அள்ளிப் போட்டாள்.

உப்புக் கரித்து, பானை அப்படியே திரும்பி வந்தது. இரத்த அழுத்தம் உள்ள ஒரு முதியவர் மட்டும், வீண் போகக்கூடாது என்று கிண்ணம் முழுவதையும் குடித்துவிட்டாராம். பொறுப்பாளர் அம்மா உள்ளே வந்து, உப்புப் போட்டது யார் என்று கேட்டார். அவள் தனக்குத் தெரிந்த ஜெர்மனில், தானே போட்டதாகச் சொன்னாள். போடச் சொன்னது யார் என்று சொல்லவில்லை. நான் தட்டுக் கழுவிக்கொண்டு நின்றேன். காலை முழுக்க ஓயாத வாய் அப்போது திறக்கவில்லை. அவளுடைய வேலையைப் பற்றித் திங்கட்கிழமை முடிவு சொல்வதாகக் கூறிவிட்டுப் பொறுப்பாளர் போனார்.

அன்று மாலை கோவிலில் சிலுவைப்பாதை. ஆறாம் நிலையை வாசிப்பது என் முறை. கூட்டத்துக்குள்ளிருந்து ஒரு பெண் வெளியே வந்து, சிலுவை சுமந்து போகிற ஆண்டவரின் முகத்தைத் துடைக்கிற இடம். வருடா வருடம் உருக்கமாக வாசிப்பேன். அன்று இரண்டு வரிக்கு மேல் வாசிக்க ஏலவில்லை. கூட்டத்துக்குள்ளேயே நின்றவள் நான் அல்லவா? சீ, என்ன ஒருசந்தி!

திங்கட்கிழமை ஒரு மணித்தியாலம் முந்திப் போய்ப் பொறுப்பாளரிடம் உள்ளதைச் சொன்னேன். வாங்கிய ஏச்சு கொஞ்சமல்ல. எனக்கு எச்சரிக்கைக் கடிதம் வரும் என்றார். நோன்போ இல்லையோ, சமைக்கிறவள் ருசி பார்த்தே ஆகவேண்டும் என்றார். இப்போது பார்க்கிறேன், தவக்காலத்திலும். அவளுக்கு ஒன்றும் ஆகாது என்று அவர் சொன்னபோதுதான் எனக்கு மூச்சு வந்தது. பதினெட்டு வருடத்தில் முதல் கடிதம், வெட்கம்தான். ஆனாலும் ஆண்டவரே, என்ன நிம்மதி!

அவள் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போய் நின்றேன்.

"என்னை மன்னிச்சுக்கொள்ளும் பிள்ளை. எல்லாத்தையும் சொல்லிப்போட்டன். உமக்கு ஒண்டும் இல்லை. மூண்டு இரவா எனக்கு நித்திரை இல்லை."

"நான் நல்லா நித்திரை கொண்டனான் அக்கா."

"வேலை போகப் பாத்துது. நித்திரை கொண்டனீரோ?"

"நீங்கள் வேதக்காரர்தானே, ஒருசந்தி பிடிக்கிற ஆள். எப்பிடியும் நீங்களே போய்ச் சொல்லுவியள் எண்டு இருந்தனான்."

கத்தியை எடுத்து, அவளுக்குப் பக்கத்தில் இருந்து நானும் உரிக்கத் தொடங்கினேன். கணவரோடு சேரப்போகிற வாழ்க்கையையே என் விசுவாசத்தை நம்பி வைத்துவிட்டு அவள் தூங்கியிருக்கிறாள். அவளுக்காக நன்றி சொல்லாமல் நான் கோவிலில் ஒரு பூசையிலிருந்தும் எழும்புவதில்லை.