அப்பா போகாத கூட்டம்

எங்கள் குடும்பத்தில் கோபித்துக்கொள்வதற்கு ஒரு முறை இருந்தது. சண்டை போடக் கூடாது, சத்தம் வைக்கக் கூடாது. போக வேண்டிய இடத்துக்குச் சும்மா போகாமல் விட வேண்டும். யாழ்ப்பாணத்தில் என் சித்தப்பா ஒருவர், கல்யாணத்துக்குத் தன்னை முறையாக அழைக்கவில்லை என்று வீட்டிலேயே இருந்துவிட்டாராம். பெண்ணின் தகப்பன் கார் பிடித்துப் போய், கையைப் பிடித்துக் கெஞ்சிக் கூட்டிவரும்வரை தாலி ஏறவில்லையாம். அந்தக் கல்யாணப் படத்தில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நிற்பவர் மாப்பிள்ளை இல்லை, சித்தப்பாதான். அப்பா இதைச் சொல்லும்போது நான் ஒரு வீரக்கதையைக் கேட்பதுபோலக் கேட்பேன்.

ரொறன்ரோவில் நாங்கள் போன தேவாலயம் அஜின்கோர்ட் பக்கம் இருந்தது. வெள்ளைக்காரர்களின் பழைய சபை. காலையில் அவர்களுக்கு ஆங்கில ஆராதனை, பதினொரு மணிக்கு எங்களுக்குத் தமிழ் ஆராதனை. நிர்வாகத்தைப் பார்க்க ஒரு கவுன்சில் உண்டு. அதில் தமிழ் ஆட்கள் சார்பாக ஒருவர் இருக்க வேண்டும் என்று வந்தபோது எல்லோரும் அப்பாவைக் கைகாட்டினார்கள். அப்பா அதற்கென்றே ஒரு கோட் வாங்கினார். மாதம் ஒருமுறை செவ்வாய்க்கிழமை மாலையில் அதைப் போட்டுக்கொண்டு போவார். திரும்பி வரும்போது கடதாசியில் சுற்றிய மஃபின் கேக் ஒன்று எனக்கு வரும். "இண்டைக்கு முழுக்கக் கார்ப்பெட் கதைதான்" என்று அம்மாவிடம் சொல்வார், ஏதோ நாட்டையே ஆண்டுவிட்டு வந்த களைப்போடு.

எனக்கு ஒன்பது வயதாக இருந்த அந்த வருடம், குளிர் தொடங்கும் நேரத்தில், கவுன்சிலில் ஒரு யோசனை வந்தது. அவ்வளவு காலையில் இளம் குடும்பங்கள் வருவதில்லை, ஆகையால் ஆங்கில ஆராதனையைப் பதினொரு மணிக்கு மாற்றலாம், தமிழ் ஆராதனையைப் பின்னேரம் நாலு மணிக்கு வைக்கலாம் என்று. முடிவு அடுத்த கூட்டத்தில். சொன்னவர் கவுன்சில் தலைவி. நாங்கள் கனடாவுக்கு வந்த முதல் பனிக்காலத்தில் எனக்கு ஜக்கெட்டும் சப்பாத்தும் கொண்டுவந்து தந்தவர். அப்பா அங்கே வாயே திறக்கவில்லை.

"அந்த மனுசியின்ரை முகத்துக்கு நேரை எப்பிடி மாட்டன் எண்டுறது?" என்று அம்மாவிடம் கேட்டார்.

மற்றவர்களுக்கு நாலு மணி ஒரு அசௌகரியம், அவ்வளவுதான். மாமிக்கு அப்படியில்லை. மாமி அப்பாவின் அக்கா. கணவரை இழந்து மோர்னிங்சைட்டில் ஒரு தொடர்மாடியில் தனியாக இருந்தார். கிழமை முழுவதும் வெளியே போகாதவர் ஞாயிற்றுக்கிழமை மட்டும் நல்ல சேலை உடுத்து, மேலே பெரிய கோட்டைப் போட்டுக்கொண்டு, தனியாக பஸ் எடுத்து வருவார். இருட்டினால் அவருக்குக் கண் சரியாகத் தெரியாது. குளிர்காலத்தில் ஐந்து மணிக்கே இருட்டிவிடும்.

"நாலு மணி எண்டால் நான் வரமாட்டன் தம்பி" என்றார் மாமி.

"நான் கவுன்சிலிலை இருக்கேக்கை இதை நடக்க விடுவனே அக்கா?" என்றார் அப்பா.

அப்பா செய்த ஏற்பாடு இதுதான்: அடுத்த கூட்டத்துக்குப் போகாமல் விடுவது. ஆளைக் காணவில்லை என்றதும் அவர்களுக்கு விளங்கும், தேடிக்கொண்டு வீட்டுக்கு வருவார்கள், வந்தால் ஆறுதலாகக் கதைக்கலாம். வருகிறவர்களை வெறும் வாயோடு அனுப்ப முடியுமா? அம்மாவை ரோல்ஸ் பொரிக்கச் சொன்னார்.

"அங்கை போய்ச் சொல்லுறதை விட்டிட்டு இஞ்சை ரோல்ஸ் பொரிக்கச் சொல்லுறியள்" என்று முணுமுணுத்தபடி அம்மா பொரித்தார். சோபாவுக்குப் புது விரிப்பும் போட்டார்.

அந்தச் செவ்வாய்க்கிழமை அப்பா குளித்து, கோட்டும் ரையும் போட்டுக்கொண்டு வீட்டில் இருந்தார். கெஞ்சிக் கூட்டிப்போனால் உடனே வெளிக்கிட வேண்டுமே. கூட்டம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் தொலைபேசி அடித்தது. அப்பா கையை ஆட்டி, தான் இல்லை என்று சொல்லச் சொன்னார். எடுத்தேன், தலைவிதான். அப்பா வருகிறாரா என்று கேட்டார். இல்லை என்றேன். பரவாயில்லை, ஒன்றுக்கும் கவலைப்பட வேண்டாம் என்று அப்பாவிடம் சொல்லும்படி அன்பாகச் சொன்னார்.

நான் அதை அப்படியே சொன்னேன். அப்பாவின் முகம் மலர்ந்துவிட்டது.

"அப்பிடித்தான் சொல்லுவினம். உள்ளுக்குப் பயம். இப்ப காரிலை ஏறியிருப்பினம்."

யன்னலோரம் என்னைக் காவலுக்கு நிறுத்தினார். தெருவில் வந்த ஒவ்வொரு கார் வெளிச்சத்துக்கும் "வருகினம்" என்று நான் கத்தினேன். ஒவ்வொரு தடவையும் அப்பா ரையைச் சரிசெய்தார். கார்கள் எல்லாம் எங்கள் வாசலைத் தாண்டிப் போயின. ரோல்ஸ் ஆறிப்போனது. கடைசியில் அம்மா தட்டை என் முன்னால் கொண்டுவந்து வைத்தார். எனக்குப் பெரிய சந்தோஷம். வயிறு முட்டத் தின்றேன். அப்பா தொடவே இல்லை.

அடுத்த நாள் தலைவி மறுபடியும் தொலைபேசியில் அழைத்தார். இந்த முறை அப்பாவே பேசினார். சுகமில்லையோ என்று விசாரித்துவிட்டு, நேற்று எல்லாம் சுமுகமாக முடிந்தது, ஆட்சேபம் உண்டா என்று கேட்டபோது ஒருவரும் சொல்லவில்லை, நேர மாற்றம் ஏகமனதாக நிறைவேறியது என்றாராம். அப்பா நன்றி சொல்லித் தொலைபேசியை வைத்தார். நான் குசினியில் சமைத்துக்கொண்டிருந்த அம்மாவிடம் ஓடிப்போய், "அம்மா, அவை அப்பாவோடை ராசியாகிட்டினம்" என்றேன்.

நாலு மணி ஆராதனை தொடங்கியது. முதல் சில கிழமைகள் அப்பா காரில் போய் மாமியை ஏற்றிவந்தார். பிறகு மாமிக்குத் தலையிடி, பிறகு தடிமன். மற்றவர்களுக்குக் கரைச்சல் கொடுத்துத்தான் கோயிலுக்குப் போக வேண்டுமா என்று கேட்டார். அதன்பின் வரவேயில்லை. தானாகப் போய்த் தானாகத் திரும்பியதுதான் மாமிக்கு அந்த ஞாயிற்றுக்கிழமைகளின் பெருமை என்று இப்போதுதான் விளங்குகிறது. அன்று அப்பா போய், "இல்லை" என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். கேட்டிருப்பார்கள். அவர்கள் கெட்டவர்கள் இல்லை. கூட்டத்தில் அப்பா இல்லாமல் வெறுமையாக இருந்த கதிரை கோபத்தில் இருந்தது என்று அவர்களுக்கு யார் சொல்வது?

அதற்குப் பிறகு அப்பா ஒரு கூட்டத்தையும் தவறவிடவில்லை. பனி கொட்டி பஸ் ஓடாத நாளிலும் போனார், காய்ச்சலோடும் போனார். கழுவும் தொட்டியின் குழாயை மாற்றலாமா என்று கேட்டால்கூட எழுந்து நின்று தன் கருத்தைச் சொல்வாராம். உன் அப்பா இப்போது நன்றாகப் பேசுகிறார் என்று தலைவி ஒருநாள் என் தலையைத் தடவிச் சொன்னார். பெருமையில் எனக்குப் புளுகம் தாங்கவில்லை. அப்பாவுக்குக் கவுன்சில் இவ்வளவு பிடித்துப்போய்விட்டதே என்று நினைத்தேன்.