செருப்புக்குக் காவல்

போன மாசியில் நாங்கள் குடும்பத்தோடு சென்னையிலிருந்து இலங்கைக்கு உல்லாசக் கப்பலில் போனோம். மகளும் மருமகனும் செய்த ஏற்பாடு. பதினோரு மாடி, லிஃப்ட், நீச்சல் குளம், எந்நேரமும் சாப்பாடு. நடுவில் ஒரு முழுநாள் கரையே வராது. மறுநாள் காலையில்தான் துறைமுகம். இன்று யாருக்கும் எந்த வேலையும் கிடையாது, சாய்ந்து படுத்து ஓய்வெடுங்கள் என்று விடிந்ததும் ஒலிபெருக்கியில் சொல்லிவிட்டார்கள். எனக்கு மட்டும் ஒரு வேலை இருந்தது. நாற்பது வருடமாகத் தள்ளிப்போன வேலை.

தனுஷ்கோடியில் நின்றால் எதிரே இருப்பது இலங்கைதான். ராமநாதபுரத்தில் குடியிருக்கிற நாங்கள் அந்த எதிர்க்கரைக்குப் போகச் சென்னைக்கு ரயிலேறி, அங்கிருந்து கப்பலேறி, தலையைச் சுற்றி மூக்கைத் தொட்டோம். நம் பக்கத்துக் கடலில் ஆழம் போதாதாம், இவ்வளவு பெரிய கப்பல் தரைதட்டி நின்றுவிடுமாம். மருமகன் வரைபடத்தை விரித்து விளக்கினார். நான் தலையாட்டிக்கொண்டே நீச்சல் குளத்து ஓரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அங்கே முப்பது நாற்பது ஜோடிச் செருப்புகள் போட்டது போட்டபடி கிடந்தன. காவலுக்கு ஒரு ஆள் இல்லை.

கேட்பாரற்றுக் கிடக்கும் செருப்பைக் கண்டால் எனக்கு வயிறு எரியும். கோயில் வாசலோ கல்யாண மண்டபமோ, எங்கே பார்த்தாலும் இதே கதைதான். முதலில் தனுஷ்கோடி மணல் ஞாபகத்துக்கு வரும். அடுத்தது அத்தை.

அத்தை என் அய்யாவுக்கு மூத்தவர். பிறகு எனக்கு மாமியாராகவும் ஆனார், அந்தக் கொடுமையைப் பின்னால் சொல்கிறேன். இப்போது எழுபத்தைந்து வயது. அன்று காலை என் பக்கத்தில்தான், சாய்வு நாற்காலியில் சாயாமல் நுனியில் உட்கார்ந்திருந்தார். மடியில் மஞ்சள் பை. பைக்குள் ஒரு டப்பா நிறைய மோர் மிளகாய். கப்பல் சாப்பாட்டில் உப்பும் இல்லை உறைப்பும் இல்லை என்று முதல் நாளே தீர்ப்புச் சொல்லிவிட்டு, அதன் பிறகு எதைத் தட்டில் வாங்கினாலும் கூட ஒரு மிளகாயைக் கடித்துக்கொண்டார். கேக்குக்கும் அதுதான்.

டப்பாவைத் திறந்ததும் அந்த வாசனை வந்தது. எங்கள் ஊர்க் குண்டு மிளகாய் வாசனை. கமுதிக்குத் தெற்கே எங்கள் ஊரில் பங்குனியில் களமெல்லாம் மிளகாய் காயும்; ஊரே தும்மும். சிறுபிள்ளைகள் களத்தில் வேலை பார்த்துவிட்டு மறந்துபோய்க் கண்ணைக் கசக்கிக்கொண்டு அழுவோம். அழுத பிள்ளைக்கு மோரைக் கையில் ஊற்றுவார்களே தவிர, வேலையிலிருந்து விடுதலை கிடையாது. எல்லாம் முடிந்து ஆடி அமாவாசை வந்தால் லாரியில் ராமேஸ்வரம். வருடத்தில் அந்த ஒரு நாள்தான் நாங்கள் கடலைப் பார்ப்பது. மானாவாரி ஊர்க்காரர்களுக்கு அவ்வளவு தண்ணீரை ஒரே இடத்தில் பார்த்தால் கொஞ்சம் கோபமே வரும். எங்கள் கண்மாயில் பாதி வருடம் ஆடு மேயும்.

எனக்கு ஒன்பது வயதாகும்போது நடந்தது இது. தீர்த்தமெல்லாம் ஆடிவிட்டு, மணலில் ஓடுகிற வேனில் தனுஷ்கோடி முனைக்குப் போனோம். அங்கே ஒரு மீனவர் வள்ளத்தில் ஏற்றிக் கடலுக்குள் ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டுவார். நான் அந்த வள்ளத்துக்காக ஒரு வருடம் காத்திருந்தவள். போன ஆடியில் காய்ச்சல் வந்து, எல்லோரும் ஏறிப்போய்த் திரும்பி வந்து அளந்த கதையைக் கேட்டவள். பள்ளிக்கூடத்தில் எல்லோரிடமும் இந்தத் தடவை நான் போகப்போகிறேன் என்று சொல்லிவிட்டும் வந்திருந்தேன்.

எட்டுப் பேர்தான் ஏறலாம் என்றார் வள்ளக்காரர். நாங்கள் ஒன்பது பேர். அத்தை எல்லோரையும் ஒரு பார்வை பார்த்தார். அவர் காலில் அன்றைக்குப் புதுச் செருப்பு. மதுரையில் வாங்கியது, சிவப்பு வார், வாரின் மேல் தங்க நிறத்தில் ஒரு பூ. எங்கள் ஊரில் பெண்கள் செருப்புப் போட ஆரம்பித்திருந்த காலம் அது. அத்தைக்கு அதுதான் முதல் செருப்பு. லாரியில் வரும்போது அதைக் காலில் போட்டிருந்த நேரத்தைவிட மடியில் வைத்திருந்த நேரம் அதிகம். வள்ளத்தில் ஏறினால் நனைந்துவிடும், மணலில் விட்டால் களவு போய்விடும்.

"ஏத்தா, நீ இங்கன இருந்துக்க. செருப்பையெல்லாம் பாத்துக்க. நீதான் பொறுப்பான பிள்ளை" என்றார் அத்தை.

சின்ன வயதில் உங்களையும் யாராவது பொறுப்பான பிள்ளை என்று சொல்லியிருந்தால் உங்களுக்கு நான் மேலே விளக்க வேண்டியதில்லை. அந்தப் பட்டத்தைக் கொடுத்துவிட்டு மற்ற எல்லாவற்றையும் பிடுங்கிக்கொள்வார்கள். போகும்போது செருப்புக்கு ஒரு ஏற்பாடும் சொல்லிவிட்டுப் போனார். ஜோடியாக வைக்கக் கூடாது. இடது காலெல்லாம் ஒரு பக்கம், வலது காலெல்லாம் பத்தடி தள்ளி இன்னொரு பக்கம். ஒத்தைச் செருப்பை எவனும் களவாங்க மாட்டான் என்பது அத்தையின் சித்தாந்தம். எந்தக் கோயில் வாசலிலும் இன்றுவரை அப்படித்தான் விடுவார்.

வள்ளம் கிளம்பியது. அதில் அத்தை மகன், என்னைவிட இரண்டு வயது மூத்தவன், திரும்பி உட்கார்ந்துகொண்டு எனக்குக் கை காட்டினான். பல்லெல்லாம் தெரியக் காட்டினான். அவனைத்தான் பிற்பாடு எனக்குக் கட்டிவைத்தார்கள். முறைப்பையன் இருக்கும்போது வெளியே தேடுவானேன் என்று ஒரே பேச்சில் முடித்துவிட்டார்கள். அந்தக் கை காட்டலைப் பற்றி என்னிடம் யாரும் விசாரிக்கவில்லை. இப்போதும் அவர் பஸ் ஜன்னலிலிருந்து கை காட்டினால் நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். மனுஷனுக்குக் காரணம் தெரியாது.

வள்ளம் புள்ளியானதும் நான் எழுந்தேன். வலது வரிசையிலிருந்து அத்தையின் சிவப்புச் செருப்பை எடுத்தேன். தனுஷ்கோடியில் தெற்கே இருப்பதை ஆண்கடல் என்பார்கள், வடக்கே இருப்பதைப் பெண்கடல் என்பார்கள். நடுவில் நாலு எட்டு மணல்தான். ஆடி மாதத்தில் ஆண்கடல் கத்திக்கொண்டிருக்கும். அதில் வீசினேன், அலை திருப்பிக் கொண்டுவந்து போட்டது. மறுபடி வீசினேன், மறுபடி போட்டது. கடலும் அத்தை பக்கம்தான் என்று ஆத்திரம் வந்தது. மணலைக் கடந்து பெண்கடலுக்குப் போய் மெதுவாக மிதக்கவிட்டேன். ஆடிக்காற்று அதை உள்ளே தள்ளிக்கொண்டு போனது. தங்கப்பூ கொஞ்ச நேரம் மினுங்கியது, அப்புறம் தெரியவில்லை. வாழ்க்கையில் அவ்வளவு நிம்மதியாக நான் அதற்கு முன் இருந்ததில்லை.

திரும்பி வந்த அத்தையிடம் என்ன சொல்வது என்று முன்பே யோசித்து வைத்திருந்தேன். நாய் தூக்கிட்டுப் போயிருச்சு என்றேன். அத்தை அடிக்கவில்லை, ஏசவில்லை. மணலைக் கொஞ்ச நேரம் பார்த்தார். என்னைப் பார்த்தார். சரி என்று சொல்லிவிட்டு, கொதிக்கிற மணலில் வெறுங்காலோடு வேனை நோக்கி நடந்தார். மிஞ்சிய இடது செருப்பு கையில் இருந்தது.

அந்த இடது செருப்பைத்தான் பிற்பாடு எங்கள் மிளகாய்க் காட்டில் ஒரு வேப்பங்கம்பு நட்டு, அதில் கட்டித் தொங்கவிட்டார். கண்ணேறு படாமலிருக்கச் செருப்பைக் கட்டுவது எங்கள் பக்கத்தில் எல்லாக் காட்டிலும் உண்டுதான். ஆனால் இது சரியாக நான் நிரை பிடித்துப் பழம் எடுக்கிற இடத்துக்கு நேராகத் தொங்கியது. நான் அதை நிமிர்ந்து பார்க்காமலே பல வருடம் மிளகாய்ப் பழம் எடுத்தேன். அதோடு முடியவில்லை. அடுத்த ஆடியிலும் செருப்புக்குக் காவல் நான்தான். அதற்கடுத்த ஆடியிலும் நான்தான். கல்யாணமாகி, பிள்ளை பெற்று, பிள்ளை வள்ளத்தில் போனபோதும் நான்தான் கரையில். இந்த வயது வரைக்கும் நான் தனுஷ்கோடியில் வள்ளம் ஏறியதில்லை. ஒரே வீட்டில் இருபத்தெட்டு வருடம் இருந்தும் அத்தையிடம் இதைப் பேசியதும் இல்லை. இந்தப் பழியை வீட்டில் தீர்க்க முடியாது. அதற்குக் கடல் வேண்டும்.

மகள் கப்பல் என்றதும் நான் போட்ட ஒரே நிபந்தனை, அப்பத்தாவும் வர வேண்டும் என்பதுதான். எல்லோரும் நெகிழ்ந்துபோனார்கள். என்னை மாதிரி மருமகள் கிடைக்காது என்று பக்கத்து வீட்டுக்காரம்மா சொன்னார். அத்தையைக் கூட்டிக்கொண்டு பாஸ்போர்ட்டுக்காக மூன்று தடவை அலைந்தேன். ரேகை தேய்ந்துபோன விரலை அந்தக் கண்ணாடியில் நானே பிடித்து அழுத்தினேன். பழிவாங்குவதற்காக ஒருவருக்குப் பாஸ்போர்ட் எடுத்துக் கொடுத்தவள் உலகத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

சரி, கப்பலுக்கு வருவோம். மேல்மாடியில் தண்ணீர்ச் சறுக்கு இருந்தது, அங்கே செருப்போடு போகக் கூடாது. எல்லோரும் கழற்றிப் போட்டார்கள். என்னுடையது இந்தப் பயணத்துக்கென்றே வாங்கிய பச்சைச் செருப்பு. நாற்பது வருடமாக மனதுக்குள் சொல்லிப் பார்த்திருந்ததை அப்படியே சொன்னேன்.

"அத்தே, நாங்க மேல போயிட்டு வாரோம். நீங்க இங்கன இருந்து செருப்பைப் பாத்துக்கங்க. நீங்கதான் பொறுப்பான ஆளு."

அத்தை என் முகத்தைப் பார்த்தார். "போயிட்டு வா ஆத்தா" என்றார். அவ்வளவுதான்.

மேலே போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தேன். பல்லெல்லாம் தெரியக் கை காட்டினேன். அத்தை நிமிரவில்லை. அவர் எங்கள் செருப்புகளைப் பிரித்துக்கொண்டிருந்தார், இடது இங்கே, வலது கம்பியோரத்தில். வெள்ளைச் சட்டை போட்ட கப்பல் சிப்பந்தி ஒருவர் வந்து பணிவாக அவற்றை ஜோடி சேர்த்து வைத்தார். அவர் நகர்ந்ததும் அத்தை மறுபடி பிரித்தார். அவர் மறுபடி வந்தார். மூன்றாம் தடவை அத்தை ஏதோ சொல்லி, டப்பாவிலிருந்து ஒரு மோர் மிளகாயை அவர் கையில் கொடுத்தார். கடித்துவிட்டு அந்த மனிதர் கண்ணில் நீர் வழியச் சிரித்தார். அப்புறம் நடந்ததுதான் எனக்குப் பொறுக்கவில்லை. அவர் போய் ஒரு தலையணை கொண்டுவந்தார். ஒரு துண்டு கொண்டுவந்தார். ஐஸ் போட்ட ஆரஞ்சு ஜூஸ் கொண்டுவந்தார். அத்தை சாய்ந்தார். காலை நீட்டினார். பகலில் அத்தை கால் நீட்டி நான் பார்த்ததே கிடையாது. நான் நாற்பது வருடம் காய்ச்சிய பழியை அவர் ஸ்ட்ரா வைத்து உறிஞ்சிக்கொண்டிருந்தார்.

ஆத்திரத்தில் நான் சறுக்கில்கூட ஏறவில்லை. மற்றவர்கள் கூச்சல் போட்டுச் சறுக்கி விளையாடினார்கள். நான் ஈரப் படிக்கட்டில் உட்கார்ந்து அவர்களுடைய மூக்குக்கண்ணாடிகளையும் கைப்பேசிகளையும் மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். நீதாம்மா பொறுப்பா வச்சிருப்ப என்று மகள் கொடுத்துவிட்டுப் போயிருந்தாள்.

வெயில் தாழ இறங்கி வந்தோம். அத்தை எழுந்து கம்பியோரம் நின்றிருந்தார். எல்லோரும் இடதும் வலதும் தேடிப் போட்டுக்கொண்டார்கள். எனக்கு இடது கிடைத்தது. வலது இல்லை. நாற்காலிகளுக்கு அடியில் பார்த்தேன், குளத்துக்குள் பார்த்தேன். அந்தச் சிப்பந்தி கடலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், துண்டுகளை எடுத்துக்கொண்டு அவசரமாகப் போய்விட்டார்.

"அத்தே, என் வலது செருப்பு எங்க?"

அத்தை அலையைப் பார்த்தபடியே சொன்னார். "நாய் தூக்கிட்டுப் போயிருச்சு ஆத்தா."

என் கணவர் சிரித்தார். நடுக்கடலில் நாயா என்றார். மகள் சிரிக்கவில்லை, அப்பத்தாவுக்கு ஞாபகம் தப்ப ஆரம்பித்துவிட்டது, ஊருக்குப் போனதும் மதுரையில் நல்ல டாக்டரிடம் காட்ட வேண்டும் என்று என் காதில் சொன்னாள். அந்தத் தனுஷ்கோடி மணல் என் கண் முன்னால் விரிந்தது. காட்டில் ஆடு புகுந்ததா மாடு புகுந்ததா என்று தடம் பார்த்தே சொல்லக்கூடியவர் அத்தை. அந்த மணலில் ஒரு நாய்த் தடம்கூட இருந்திருக்காது. இரண்டு கடலுக்கும் போய்த் திரும்பிய என் பிஞ்சுக் கால் தடம் மட்டும்தான் இருந்திருக்கும். அடுத்த ஆடியும், அதற்கடுத்த ஆடியும், வேப்பங்கம்பும் அப்போதுதான் எனக்குப் புரிந்தன. நான்தான் பழியை மனதில் வைத்திருந்தேன் என்று இத்தனை வருடம் நினைத்திருந்தேன்.

மறுநாள் துறைமுகத்தில் இறங்கும்போது சிமெண்டுத் தரை சுட்டது. அத்தை இரண்டு செருப்பும் போட்டுக்கொண்டு சடக் சடக்கென்று முன்னால் நடந்தார். நான் வெறுங்காலோடு, மிஞ்சியதைக் கையில் பிடித்துக்கொண்டு பின்னால் போனேன்.

ஊருக்கு வந்ததும் அந்த இடது செருப்பைக் கட்ட, எப்போதோ விற்றுவிட்ட எங்கள் பழைய காட்டுக்குத்தான் போனேன். வேப்பங்கம்பு இல்லை. காடும் இல்லை, மிளகாய் காய்ந்த களம் வரைக்கும் இப்போது வரிசை வரிசையாகச் சூரிய ஒளித் தகடுகள், சுற்றிலும் முள்வேலி. ஊரில் யாரும் தும்மவில்லை. தனுஷ்கோடிக்கும் முனை வரைக்கும் தார்ச்சாலை வந்துவிட்டது. வேனும் இல்லை, அந்த வள்ளக்காரரும் இல்லை. ஜனங்கள் செருப்பைக் காரிலேயே விட்டுவிட்டுக் கடலுக்கு ஓடுகிறார்கள். காவலுக்கு யாரையும் உட்கார வைப்பதில்லை. ஆகவே செருப்பை வீட்டுக்கே கொண்டுவந்து முன்வாசல் கம்பிக் கதவில் கட்டிவிட்டேன், அத்தை காப்பி குடிக்கிற நாற்காலிக்கு நேர் எதிரே. ஒரு மாதமாக அத்தை நிமிர்ந்து பார்க்காமலே காப்பி குடிக்கிறார்.