டீச்சருக்கு விட்ட பாதி வீடு

வீட்டில் ஒரு பகுதியை வாடகைக்கு விடப்போகிறேன், என்ன செய்யணும் என்று யாராவது கேட்டால் எனக்கு வாய் சும்மா இருக்காது. மழைக்கு முன்னால் கூரையைப் பாருங்கள் என்பேன். கரண்ட் பில் யார் கட்டுவது, மலையிலிருந்து குழாயில் வரும் பீலித் தண்ணீரை எப்படிப் பங்கிடுவது என்பதையெல்லாம் சிரித்துப் பேசும் காலத்திலேயே முடிவு செய்துகொள்ளுங்கள், முகம் சுளித்த பிறகு பேச முடியாது என்பேன். இவை நானே பட்டுத் தெரிந்துகொண்டவை. மிச்சம் ஒன்று இருக்கிறது. அதைச் சொல்ல எனக்கு ஒரு கதை வேண்டும்.

எழுபதுகளின் கடைசியில், லொறி ஓட்டிக்கொண்டிருந்த அப்பா, அம்மாவின் நகைகளை விற்று, போதாததற்குக் கடனும் வாங்கி, மலையகத்தில் வட்டகொடை ஸ்டேஷனுக்கு மேலே ஒரு தகரக்கூரை வீட்டை வாங்கினார். எங்கள் பரம்பரையில் முதல் சொந்த வீடு. தேயிலைத் தோட்டத்து லயத்தில் நாங்கள் இருந்த ஒற்றை அறைக் காம்பராவில் வேறு குடும்பம் குடியேறிவிட்டது. திரும்பிப் போக இடமில்லை. பாதி வீட்டை வாடகைக்கு விட்டால்தான் கடன் அடையும், வீடு கையில் நிற்கும். யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்த ஒரு டீச்சர் அந்தப் பாதியில் தனியாகக் குடிவந்தார்.

அம்மாவுக்கு வாயெல்லாம் பல். லயத்தில் பகலில் யாரும் யார் கதவையும் தட்டியதில்லை. தணல் எடுக்க, உப்பு வாங்க, நேரே அடுப்படிக்கே போவோம். டீச்சர் பக்கமும் அம்மா அப்படித்தான் போனார். சட்டி மூடியைத் திறந்து பார்ப்பார். "என்னாங்க டீச்சர், இம்புட்டு மொளகாத்தூள அள்ளிப் போட்டா வயிறு என்னாத்துக்கு ஆகும்?" என்பார். டீச்சர் சிரிப்பார். அந்தச் சிரிப்பு நாளுக்கு நாள் சுருங்கியதை அம்மா கவனிக்கவில்லை.

அப்புறம் பெருமழை வந்தது. டீச்சர் பள்ளிக்கூடம் போயிருந்த நேரம் அவர் பக்கத்துக் கூரை ஒழுகியது. அம்மா உள்ளே போய்க் கட்டிலை இழுத்துப் போட்டு, நனைந்த பெட்டியைத் திறந்து, உடுப்பையெல்லாம் பிழிந்து எங்கள் அடுப்புக்கு மேலே கொடி கட்டிக் காயப்போட்டார், உள்ளாடை உட்பட. டீச்சர் வந்தபோது, அப்பாவின் கூட்டாளிகள் இருவர் அந்தக் கொடிக்குக் கீழே குந்தித் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் டீச்சர் கதவில் புதுப் பூட்டு தொங்கியது.

"நம்ம வூட்டுலயே நமக்குப் பூட்டா? கொழுப்பப் பாத்தீங்களா!" என்று அம்மா குதித்தார்.

மாலையில் அப்பா விசாரிக்கப் போனார். சின்னப் பிள்ளையான நானும் ஒட்டிக்கொண்டு போனேன்.

"வீடு உங்கடதான் அண்ணை," என்றார் டீச்சர். "அக்காவில கோவமில்லை. ஆனா கதவு எனக்கு வேணும். மாசம் முடிய வேற இடம் பாக்கிறன்."

அப்பா திரும்பி வந்து சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். பிறகு அம்மாவிடம், "ஒருக்கா காய்ச்சல்னு வேலப் பெரட்டுக்குப் போகாம லயத்துல படுத்திருந்தியே. வேல வாங்குற கண்டாக்கு கதவத் தள்ளிக்கிட்டு வந்து போர்வைய இழுத்தானே, அன்னைக்கு என்னா பாடு பட்ட?" என்றார்.

"நான் அந்த ஆளு மாதிரியா? நனைஞ்சதக் காயப்போட்டேன்."

"அவனும் தோட்டத்துக் காம்பராதானேன்னுதான் வந்தான்."

அந்த ஞாயிறு அப்பா கூரையேறித் தகரத்தை மாற்றினார். அம்மா அந்தப் பக்கம் போவதையே நிறுத்திவிட்டார்.

மாதக் கடைசியில் ஒருநாள் டீச்சர் பள்ளிக்கூடம் போகவில்லை. சுவருக்கு அப்பால் இருமல் விடாமல் கேட்டது. அம்மா கொத்தமல்லி அவித்துச் செம்பில் ஊற்றிக்கொண்டு போனார். நான் பின்னால். தூறிக்கொண்டிருந்தது. பூட்டு இல்லை, கதவு சும்மா சாத்தியிருந்தது. அம்மா விரலால் தட்டினார். சத்தமில்லை. முந்தானையைத் தலைக்கு இழுத்துக்கொண்டு நின்றார்.

"தள்ளுங்கம்மா, தொறந்துதான் இருக்கு."

"சும்மா இரு."

மறுபடி தட்டினார். கட்டில் கிரீச்சிட்டது. "ஆர்?" என்றது உள்ளிருந்து.

"நான்தாங்க டீச்சர். வரலாமா?"

டீச்சர் வேறு இடம் பார்க்கவில்லை. கடன் தீரும்வரை எங்களோடுதான் இருந்தார். ஆனால் அன்று, சொந்த வீட்டு வாசலில் அனுமதி கேட்டு மழையில் நனைந்துகொண்டிருந்த அம்மாவைப் பார்த்து, டீச்சர்மேல் இவருக்கு இன்னும் கோபம் தீரவில்லை போலும் என்றுதான் நான் நினைத்துக்கொண்டேன்.