கச்சேரியில் நான் விழுங்கிய சொல்

அடியார்களே, ஒரு பொய்கூடச் சொல்லாமல் ஒரு மனிதனின் மூன்று ஏக்கர் நிலத்தை நான் எடுத்துக்கொண்டேன். ஏழுமலையான் எனக்குச் செய்த உதவியைச் சொல்லவேண்டுமானால் இதை முதலில் சொல்லியாக வேண்டும்.

எங்கள் ஊர் நகரிக்குப் பக்கம். நான் சித்தூரில் படித்தவன். தமிழ், தெலுங்கு, இங்கிலீஷ் மூன்றும் எழுதுவேன். அந்தப் படிப்பால் பட்டாளத்தில் ஹவில்தார் ஆனேன். முனுசாமி அதே ஊர்க்காரன், சிப்பாய், கைநாட்டு. பர்மாக் காட்டில் எனக்கு மலேரியா வந்தபோது என் மூட்டையையும் சேர்த்துச் சுமந்து நடந்தவன்.

யுத்தம் முடிந்து திரும்பினோம். நிலமே இல்லாத குடும்பம் என்பதால், பட்டாளத்துக்காரருக்கான தரிசில் மூன்று ஏக்கர் முனுசாமிக்குக் கிடைத்தது. என் வயலை ஒட்டிய பூமி. அவனும் அவன் மனைவி கங்கம்மாவும் முள் வெட்டி, கல் பொறுக்கி, கேழ்வரகு விதைத்தார்கள். எனக்கு அதன்மேல் ஒரு கண்.

ஆந்திர ராஜ்யம் பிறந்த மறுவருஷம் தாலுகா கச்சேரியில் விசாரணை நடந்தது. பயிர் வைக்காதவர்களின் நிலத்தைத் திருப்பி எடுக்கப்போகிறார்கள். அதிகாரி பேசுவதற்கு அர்த்தம் சொல்ல முனுசாமி என்னை அழைத்துப் போனான். அதிகாரி கடற்கரை ஜில்லாவிலிருந்து வந்தவர், தமிழ் தெரியாது. அவர் கேட்டார்:

"சாகு சேஸ்துன்னாவா?"

சாகுபடி செய்கிறாயா என்று அர்த்தம். எங்கள் பக்கத்துத் தெலுங்கில் சேத்தியம் என்போம். சாகு என்ற சொல்லை முனுசாமி அதுவரை கேட்டதில்லை. பதறிப்போனான்.

"சாகறதா? லேது தொரா, லேது! ஜப்பான்காரன் குண்டுக்கே சாகல, இப்ப எதுக்கு நா சாகணும்?"

அங்கிருந்த தமிழர்கள் சிரித்தார்கள். அதிகாரிக்கு ஒன்றும் புரியவில்லை. என்ன சொல்கிறான் என்று என்னைக் கேட்டார்.

"லேது அண்டுன்னாடு, சார்" என்றேன். இல்லை என்கிறான். அவன் சொன்னதைத்தான் சொன்னேன். அவர் அதையே எழுதிக்கொண்டார்.

நிலம் போயிற்று. சில மாதங்களில் நானும் பட்டாளத்துக்காரன் என்று மனுப் போட்டு அதை வாங்கிக்கொண்டேன். முனுசாமி என்னிடம், "வேற எவனுக்கோ போகாம உங்களுக்காவது வந்துதே, அவுல்தாரே" என்றான். பிறகு குடும்பத்தோடு திருத்தணிப் பக்கம் கரும்பு வெட்டப் போய்விட்டான்.

ஐந்து வருஷம் கழித்து நான் அந்த நிலத்தில் கிணறு தோண்டினேன். ஒரு நாள் காலையில் பாறையைப் பார்க்க இறங்கியபோது பக்கத்து மண் சரிந்தது. மார்பு வரை புதைந்தேன். மூச்சு விட்டால் மண் இறுகுகிறது. மேலே இன்னும் பொலபொலவென்று உதிர்கிறது. அவன் நிலத்தில் நான் சாகப்போகிறேன் என்று தெரிந்தது. கத்தக்கூட முடியவில்லை. "கோவிந்தா, மேலே வந்தால் கச்சேரியில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன்" என்று நெஞ்சுக்குள் சொன்னேன். உதிர்ந்த மண் நின்றது. கிணற்றாட்கள் கைகளால் தோண்டி, உச்சி வெயில் ஏறுவதற்குள் என்னைத் தூக்கிவிட்டார்கள். எலும்பு ஒன்றும் முறியவில்லை.

பிழைத்ததும் பயம் போய்விட்டது. திருமலைக்குப் போய் மொட்டை போட்டுக்கொண்டு திரும்பினேன். என் வேண்டுதல் என்னவென்று அறிந்த ஒரே ஆள் என் மனைவி ராஜம்மா. மொட்டைத் தலையைப் பார்த்துவிட்டுக் கேட்டாள்:

"பெருமாளு உன் மயிரக் கேட்டாரா, நெலத்தக் கேட்டாரா? எது மறுபடியும் மொளைக்குமோ அத மட்டும் குட்த்துட்டு வந்துக்கீற!"

மறுநாளே கச்சேரிக்குப் போனேன். அங்கே வேறு அதிகாரி இருந்தார். நடந்ததை அப்படியே சொன்னேன். ஜெயிலுக்கு அனுப்பினாலும் சரி என்றேன். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு, "அப்புடு எந்துக்கு செப்பலேது?" என்று கேட்டார். ஏன் அன்றைக்கே சொல்லவில்லை?

"ஆச, சார்" என்றேன். அந்தச் சொல்லுக்கு இரண்டு பாஷையிலும் ஒரே அர்த்தம்.

"அந்த ஆள் நேரில் வந்து கைநாட்டு வைக்கவேண்டும். ஆந்திராவுக்கும் மதராஸுக்கும் புது எல்லைக் கோடு விழ இன்னும் சில வாரம்தான். திருத்தணி மதராஸுக்குப் போய்விட்டால் அவன் வேறு ராஜ்யத்து ஆள். பிறகு என்னால் ஒன்றும் செய்யமுடியாது" என்றார்.

திருத்தணியைச் சுற்றி இரண்டு நாள் அலைந்தேன். யாருக்கும் முனுசாமியைத் தெரியவில்லை. மூன்றாம் நாள் வரப்பில் உட்கார்ந்து அழுதேன். "உயிரைக் கொடுத்தாய், அவனையும் காட்டு" என்று கேட்டேன். சிறிது நேரத்தில் கரும்புக் காட்டுக்குள்ளிருந்து ஒரு குரல்:

"லெப்ட், ரைட்! இன்னாடா அசைஞ்சிக்கினு வர்றீங்க, மாமியார் ஊட்டு விருந்துக்கா போறீங்க? லெப்ட், ரைட்!"

கரும்புக்கட்டு சுமப்பவர்களை அணிவகுத்து நடத்திக்கொண்டு வந்தான் முனுசாமி. எனக்கு அது கோவிந்த நாமமாகவே கேட்டது.

எல்லாவற்றையும் சொன்னேன். முதலில் சிரித்தான். "சாகுன்னா சேத்தியமா? நா சாவச் சொல்றாருன்னு இல்ல நெனச்சேன்!" பிறகு சிரிப்பு நின்றது. "அப்பவே ஒனக்குத் தெரியுமா?"

என்னை 'நீ' என்று அவன் சொன்னது அதுவே முதல் தடவை.

"தெரியும்."

பக்கத்தில் கரும்பு வெட்டிக்கொண்டிருந்த கங்கம்மா ஒரு பிடி மண்ணை அள்ளி என் காலடியில் வீசினாள். நான் கும்பிட்டேன். முனுசாமி என் கையைத் தட்டிவிட்டான். "மன்னிப்பெல்லாம் பெருமாளாண்ட கேட்டுக்கோ. எனக்கு நெலத்தக் குடு, போதும்."

எல்லைக் கோடு விழ ஒரு வாரம் இருக்கையில் பட்டா அவன் கைக்கு வந்தது. சரிந்த கிணற்றை இருவரும் சேர்ந்தே தோண்டினோம். பாறை இடுக்கில் தண்ணீர் பீறிட்டபோது அவன் என்னைத் தழுவவில்லை, ஆனால் "கோவிந்தா" என்று போட்ட கூச்சல் பக்கத்து ஊருக்கே கேட்டிருக்கும். அந்த வருஷம் மூன்று ஏக்கரும் வேர்க்கடலை. என் வீட்டில் அவன் கை நனைக்க மேலும் இரண்டு வருஷம் ஆயிற்று.

அன்றுமுதல் திங்கட்கிழமைதோறும் கச்சேரி வாசலில் உட்காருகிறேன். தெலுங்கு தெரியாதவர்களுக்கு அதிகாரி கேட்பதைத் தமிழிலும், அவர்கள் சொல்வதைத் தெலுங்கிலும் முழுசாகச் சொல்கிறேன். கூலி வாங்குவதில்லை. அடியார்களே, விழுங்கின சொல் ஏதாவது உங்கள் நெஞ்சில் கிடந்தால் பயப்படாமல் போய்ச் சொல்லிவிடுங்கள். நாம் ஓர் அடி எடுத்து வைத்தால் போதும், மீதி வழி முழுக்க அவன் கூடவே வருவான். எனக்கு வந்தான்.

வரும் ஆட்களில் பாதிப் பேரை அழைத்து வருவதே முனுசாமிதான். என் எதிரிலேயே அவர்களிடம் சொல்வான்:

"அவுல்தார் நல்லா அர்த்தம் சொல்லுவாரு. ஆனா ரெண்டு தபா கேட்டுக்கோ. மொத தபா கொஞ்சம் முழுங்கிடுவாரு."