வேதசிரோமணி எழுதிப் போட்ட ஜெபச் சீட்டு

வேதசிரோமணி ஏழாம் வகுப்போடு படிப்பை விட்டவர். இன்றைக்குத் திருமுடிவாக்கத்தில் சொந்த லேத் பட்டறை வைத்து, இன்ஜினியரிங் படித்த நாலு பேருக்கு வேலை சொல்கிறார். இரும்பு வந்து இறங்கினால் பில்லைப் பார்க்க மாட்டார். ஒரு துண்டை கிரைண்டரில் வைத்துத் தேய்ப்பார். பொறி சிதறுகிற விதத்திலேயே இன்ன இரும்பு என்று சொல்லிவிடுவார். இதுவரை ஒருத்தனும் அவர் தலையில் மிளகாய் அரைத்ததில்லை.

கடவுளையும் அப்படித்தான் தேடினார். முப்பது வருடத்தில் தாம்பரத்தைச் சுற்றி ஒன்பது சபை பார்த்தாயிற்று. எல்லாவற்றிலும் ஏதோ ஒரு பொய் கண்ணில் பட்டது; வெளியே வந்துவிட்டார்.

இந்த முறை விஷயம் வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டது. பல்லாவரத்தில் ஜெபக்கூட்டம் நடத்தும் ஃபிரெடி பாஸ்டர் 'சுகமாயிட்டீங்க' என்று சொன்னதை நம்பி, வேதசிரோமணியின் மனைவி டெபோரா நாலு நாளாகச் சர்க்கரை மாத்திரையைத் தொடவில்லை. கால் மரத்துப்போகிறது என்கிறாள், ஆனாலும் பிடிவாதம்.

"அந்தாளு டுபாக்கூரு. வாசல்ல வாங்குற சீட்டைப் படிச்சிட்டு மேடையில பேர் சொல்றான்."

"உங்களுக்கு யார் மேலதாங்க நம்பிக்கை?"

சனிக்கிழமை அவரும் கூடவே போனார். வாசலில் கொடுத்த ஜெபச் சீட்டில் 'ஜெயகிருஷ்ணன், இடது கிட்னியில் கல்' என்று எழுதிப் பெட்டியில் போட்டார். இரண்டு பாட்டு முடிந்ததும் ஃபிரெடி பாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டு, "ஜெயகிருஷ்ணன்னு ஒரு சகோதரர்... இடது பக்கம் ஒரு கல்லு... கர்த்தர் இப்பவே கரைக்கிறார்!" என்று முழங்கினார். ஜனம் ஸ்தோத்திரம் சொன்னது.

வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"அந்தச் சீட்டை எழுதுனதே நான்தான். ஜெயகிருஷ்ணனும் கிடையாது, கல்லும் கிடையாது!"

"தெரியும். நீங்க எழுதும்போதே எட்டிப் பார்த்தேன்."

"அப்ப மாத்திரையைப் போடு."

"மாட்டேன். அவரு பொய்யாவே இருக்கட்டும். என் பேரைச் சொல்லிக் கர்த்தர்கிட்ட கேட்டாரு. ஒன்பது சபையிலயும் என்ன தப்புன்னு கண்டுபிடிச்சீங்களே, எனக்காக ஒரு நாள் ஜெபம் பண்ணியிருக்கீங்களா? இப்பப் பண்ணுங்க, போட்டுக்கிறேன்."

இதிலும் ஏதோ வலை இருப்பதாகத்தான் அவருக்குப் பட்டது. ஆனால் அவள் பாதம் வீங்கியிருந்ததைப் பார்த்தார். மாத்திரையைப் பிரித்து அவள் உள்ளங்கையில் வைத்துக் கண்ணை மூடினார். பட்டறையே அதிரக் கத்துகிறவர், முணுமுணுத்தார்.

"கர்த்தாவே... இவ பேரு டெபோரா..."

"அது அவருக்குத் தெரியும். மேல சொல்லுங்க."

"நீர் இருக்கீரா இல்லையான்னு எனக்கு இன்னும் பிடிபடல. இருந்தா இவளைப் பாத்துக்கும். எனக்கு வேற ஆள் இல்ல."

மாத்திரையை எங்கேயாவது ஒளித்துவிடுவாளோ என்று ஒற்றைக் கண்ணைத் திறந்தார். தண்ணீர் டம்ளரோடு அவள் இரண்டு கண்ணாலும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆமென் சொல்லலியே?"

"ஆமென்."

விழுங்கினாள்.

"வாயைத் திற," என்றார்.