தேனியா, கம்பமா

காலை ஆறு மணி பத்து நிமிடம். கொல்லைக் கதவைத் திறந்ததும் முதலில் கண்ணில் பட்டது அத்தை. வீடு கட்டியதில் மிஞ்சிக் கிடந்த மணல் குவியலின் ஓரத்தில் குத்தவைத்து உட்கார்ந்திருந்தாள். எதிர் ஓரத்தில் அவளுடைய பூனை சீனியும் அதே மாதிரி உட்கார்ந்திருந்தது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சீனி எழுந்து கொஞ்சம் தள்ளிப் போய் மணலைப் பறித்தது, உட்கார்ந்தது, முக்கியது. ஒன்றும் வரவில்லை. எழுந்து வேறோர் இடத்தில் பறித்தது.

"நேத்துலருந்து இப்படித்தான் செய்யுது" என்றாள் அத்தை. என்னிடம் சொன்னாளா, பூனையிடம் சொன்னாளா என்று தெரியவில்லை.

அது 2001ஆம் வருடம், காலாண்டு விடுமுறை. நான் ஐந்தாம் வகுப்பு. எங்கள் வீடு சின்னமனூரில். அத்தை அப்பாவின் தங்கை, கம்பத்தில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். அந்தச் சித்திரையில் ஒரு டிரங்குப் பெட்டியோடும் தக்காளிக் கூடையில் சீனியோடும் வந்து இறங்கினாள். "அத்தை லீவுக்கு வந்திருக்கு" என்று அம்மா சொன்னாள். என் லீவு முடிந்து, பள்ளிக்கூடம் திறந்து, காலாண்டுப் பரீட்சையும் எழுதியாயிற்று. அத்தையின் லீவு மட்டும் முடியவில்லை. பெரியவர்களுக்கு எத்தனை நாள் லீவு என்று கேட்டபோது அம்மா என்னைத் திருப்பி உட்காரவைத்துப் பேன் பார்க்கத் தொடங்கினாள்.

சீனியை முதலில் ஊர் மாட்டாஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனோம். எங்களுக்கு முன்னால் ஒரு எருமையும் இரண்டு வெள்ளாடுகளும் நின்றன. டாக்டர் பூனையின் அடிவயிற்றை விரலால் தொட்டார். சீனி அதுவரை நான் கேட்டிராத ஒரு குரலில் கத்தியது.

"கடுவன்தானே? மூத்திரம் அடைச்சிருக்கும்மா. எங்கிட்ட மாட்டுக்குப் போடுற குழாய்தான் இருக்கு. இதுக்கு நூல் மாதிரி வேணும். தேனியில ஒரு கிளினிக் இருக்கு, கம்பத்துல ஒண்ணு இருக்கு. எங்கன போனாலும் இன்னைக்கே போயிருங்க. நாளைக்குன்னு வச்சா பூனை இருக்காது."

சின்னமனூரிலிருந்து வடக்கே தேனி, தெற்கே கம்பம். பஸ்ஸில் ஏறக்குறைய ஒரே நேரம்தான் ஆகும். இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று எனக்குத் தோன்றியது. ஆனால் வீட்டுக்கு வந்ததும் எல்லோரும் யோசித்தார்கள்.

அம்மா கம்பம் என்றாள். அந்த டாக்டர் மலையாளத்துக்காரர். குமுளிப் பக்கத்து எஸ்டேட் முதலாளிகள் நாயையும் பூனையையும் அவரிடம்தான் தூக்கிக்கொண்டு வருவார்களாம். சொல்லிக்கொண்டே ஒரு பையில் அத்தையின் சேலை இரண்டையும் சீப்பையும் பல்பொடியையும் எடுத்து வைத்தாள்.

"இது எதுக்கு மதினி?" என்றாள் அத்தை.

"பூனை வாந்தி எடுத்தா மாத்திக்க வேணாமா?"

"பல்பொடி?"

அம்மா பையின் வாயைச் சுருக்கிக் கட்டினாள்.

அத்தை தேனி என்றாள். அங்கே கண்ணாடிக் கதவு போட்டிருக்கிறார்களாம், உள்ளே மீன் தொட்டி இருக்கிறதாம். நான் உடனே தேனிக் கட்சியில் சேர்ந்தேன். பூனை ஆஸ்பத்திரியில் மீன் தொட்டி வைத்திருப்பவர்கள் விவரமானவர்களாகத்தான் இருக்க வேண்டும்.

அப்பா காலண்டரைப் பார்த்தார். அவருக்கு வாழைத்தார் வியாபாரம். லாரி எந்தத் திசையில் கிளம்பினாலும் அன்றைக்குச் சூலம் எந்தத் திசையில் என்று பார்க்காமல் அனுப்ப மாட்டார்.

"இன்னைக்கு புதன். வடக்க சூலம். தேனி ஆகாது."

"அதான் பரிகாரமும் போட்டிருக்கே அண்ணே. பால் குடிச்சிட்டுக் கிளம்பினா சரியாப் போகுது."

"யார் குடிக்கணும்?"

"போறவுகதான்."

"போறது யாரு? பூனைதான. நீ தொணைக்குத்தான் போற. பூனை குடிக்கட்டும்."

ஒரு தட்டில் பால் ஊற்றிச் சீனியின் முன்னால் வைத்தார்கள். சீனி முகத்தைத் திருப்பிக்கொண்டது. அத்தை விரலைப் பாலில் தோய்த்து அதன் வாயில் தடவினாள். அது நாக்கை நீட்டி ஒருமுறை வழித்துக்கொண்டது.

"குடிச்சிருச்சு" என்றாள் அத்தை.

"அது குடிக்கல, மூஞ்சியத் தொடச்சிருக்கு" என்றாள் அம்மா.

"வாய்க்குள்ள போச்சா இல்லையா?"

இரண்டு பேரும் அப்பாவைப் பார்த்தார்கள். லாரிக்கு இதுவரை அவர் பால் கொடுத்ததில்லை; டிரைவர் குடித்துவிடுவார். அவர் நெடுநேரம் யோசித்து, தொண்டைக்குள் இறங்கினால்தான் செல்லும் என்றார். எனக்கு அவசரம். தட்டை எடுத்து மிச்சப் பாலை நானே குடித்துவிட்டேன்.

"இவளும் கூடப் போறாள்ல, போதும்" என்று அத்தை பூனையைக் கூடைக்குள் வைத்துத் துண்டைக் கட்டினாள். தேனி என்று முடிவாயிற்று. அம்மா பையிலிருந்த சேலைகளையும் பல்பொடியையும் வெளியே எடுத்து மறுபடி பெட்டிக்குள் வைத்தாள். கம்பத்தில் வாந்தி எடுக்கும் பூனை தேனியில் எடுக்காதா என்று எனக்கு விளங்கவில்லை. பெரியவர்கள் எல்லோருக்கும் அது விளங்கியிருந்த மாதிரி தெரிந்தது.

பஸ் ஸ்டாப்பில் தேனி போகும் பக்கம் நின்றோம். வெயில் ஏறியிருந்தது. வந்த பஸ் ஒன்று நிற்காமல் போயிற்று. கூடைக்குள் சத்தம் நின்றுபோனதை அத்தைதான் முதலில் கவனித்தாள். துண்டை விலக்கினாள். சீனி மஞ்சளாக வாந்தி எடுத்துவிட்டுப் பக்கவாட்டில் கிடந்தது. அத்தை அதன் காதைத் தொட்டாள். அது காதை உதறவில்லை.

எதிர்ப்பக்கம் கம்பம் பஸ் வந்து நின்றது. அத்தை அதைப் பார்த்தாள். தேனி ரோட்டைப் பார்த்தாள், அங்கே ஒன்றும் வரவில்லை. என் கையைப் பிடித்தாள், ரோட்டைக் கடந்தாள், ஏறினாள். "அத்தை, மீன் தொட்டி?" என்று கேட்டேன். அவள் கூடையை மடியில் வைத்துக்கொண்டாள்.

கண்டக்டர் கூடையை எட்டிப் பார்த்தார். "என்னம்மா, வண்டி எடுக்கும்போதே பூனையா?"

"குறுக்க போனாத்தான்யா சகுனம். உள்ள உக்காந்து வந்தா பாசஞ்சர். டிக்கெட்டக் கிழி."

பின் சீட்டில் யாரோ சிரித்தார்கள். கண்டக்டர் எங்கள் இரண்டு பேருக்கு மட்டும் டிக்கெட் கொடுத்தார். உத்தமபாளையம் தாண்டும் வரை அத்தை கூடைக்குள் கையை விட்டபடி இருந்தாள்.

கம்பத்தில் அந்தக் கிளினிக்கில் கண்ணாடிக் கதவு இல்லை. ஒரு மர மேஜை, ஒரு மின்விசிறி, சுவரில் நாய் இனங்களின் படம். டாக்டர் எதையும் கேட்பதற்கு முன்னால் ஊசி போட்டார். நூல் போன்ற குழாயை மெதுவாகச் செலுத்தினார். வெள்ளை டிரேயில் சிவப்பாக மூத்திரம் விழுந்தது. சொட்டுச் சொட்டாகத் தொடங்கி, பிறகு நிற்காமல் விழுந்தது. "பேடிக்கேண்டா, பயப்படாத" என்று டாக்டர் பூனையிடம் சொன்னார். அத்தை சுவரில் சாய்ந்துகொண்டாள்.

கையைக் கழுவிய பிறகு டாக்டர் கேட்டார்: "பூனை யாரோடது? பேரு சொல்லுங்க."

அத்தை என் பக்கம் திரும்பினாள். "சொல்லு."

நான் அப்பாவின் பெயரைச் சொன்னேன். அவள் இல்லை என்று தலையை ஆட்டினாள். "மாமா பேரச் சொல்லு."

எங்கள் பக்கத்தில் பெண்கள் புருஷன் பெயரைச் சொல்வதில்லை. ரேஷன் கடையில்கூட யாரையாவது சொல்லச் சொல்வார்கள். அது எனக்குத் தெரியும். பூனைக்கு ஏன் மாமாவின் பெயர் என்பதுதான் தெரியவில்லை. சீனியைக் குட்டியாக எஸ்டேட்டிலிருந்து கொண்டுவந்தவர் மாமா என்பது உண்மை. ஆனால் ஆறு மாதமாக அதற்குச் சோறு போட்டது நாங்கள். சொன்னேன்.

"அட, எதிர்த்த கடைக்காரரா?" என்றார் டாக்டர். அவருடைய உதவியாள் வாசலில் நின்று ரோட்டுக்கு அந்தப் பக்கம் பார்த்து, மாமாவின் பெயரைச் சொல்லிச் சத்தமாகக் கூப்பிட்டார். மாமாவின் கடை அங்கே இருப்பது எனக்கு அப்போதுதான் தெரியும். எரிந்துபோன பம்புசெட் மோட்டாருக்குச் செம்புக்கம்பி சுற்றி காயில் கட்டும் கடை. வாசலில் பிரித்துப் போட்ட மோட்டார்கள் வரிசையாகக் கிடந்தன.

மாமா வந்தார். உள்ளே வராமல் நிலைப்படியில் நின்றார். கையெல்லாம் வார்னிஷ் படிந்திருந்தது.

"மருமகளே, சாப்பிட்டியா?" என்று என்னைக் கேட்டார். பார்த்தது மேஜையை.

"பால் குடிச்சேன்" என்றேன்.

டாக்டர் சொன்னார்: "இப்போ குழப்பமில்ல, ஆபத்து போயாச்சு. ஆனா இது திரும்பவும் அடைக்கும். அடைச்சா உடனே கொண்டுவரணும், ராத்திரின்னாலும். வீடு எங்க?"

"சின்னமனூர்" என்றாள் அத்தை.

"இங்கனதான்" என்றார் மாமா.

இரண்டும் ஒரே நேரத்தில் வந்தன. டாக்டர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "சின்னமனூர்னா ராத்திரி பஸ் கிடைக்குமோ?" என்று கேட்டார்.  மாமா என் பக்கம் திரும்பினார்.

"மருமகளே, வீட்டுல ரெண்டு பேருக்கும் இடம் இருக்குன்னு சொல்லு" என்றார் மாமா.

இரண்டு பேர் என்றால் பூனையும் நானும் என்று எடுத்துக்கொண்டேன். "எனக்கு ஸ்கூல் தொறந்துருவாக மாமா" என்றேன்.

மாமா சிரிக்கவில்லை. அத்தை பூனையின் முதுகை வால் வரை ஒருமுறை தடவினாள். பிறகு அவளும் என்னிடமே பேசினாள். "கருவாடு ஆகவே ஆகாதுன்னு சொல்லு. தண்ணி நெறைய வைக்கச் சொல்லு, ஒரு எடத்துல இல்ல, மூணு எடத்துல. வார்னிஷ் பக்கம் விடக்கூடாதுன்னு சொல்லு. கடையப் பூட்டும்போது உள்ள வச்சுப் பூட்டிரக் கூடாதுன்னு சொல்லு."

அவர்களுக்கு நடுவில் ஒரு மேஜைதான் இருந்தது. நான் ஒவ்வொன்றாகத் திருப்பிச் சொன்னேன். மாமா ஒவ்வொன்றுக்கும் "சரி" என்றார்.

கூடையை அவர் பக்கம் தள்ளினாள். அவர் உடனே எடுக்கவில்லை.

"அம்புட்டுதானா?" என்று நேராக அவளைக் கேட்டார்.

"அம்புட்டுதான்" என்று நேராகச் சொன்னாள்.

திரும்பி வரும் பஸ்ஸில் எனக்கு ஜன்னல் ஓரம் கிடைத்தது. அத்தைக்குக் கையில் பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லை. வாசலில் நின்ற அம்மா எங்களைப் பார்த்தாள். எங்களுக்குப் பின்னால் ரோட்டையும் பார்த்தாள்.

"பூனை எங்க?"

"கம்பத்துல. பக்கத்துலயே இருந்து பாக்கணுமாம். மறுபடி அடைக்குமாம்."

"அப்ப நீ?"

"எனக்கு அடைப்பு இல்ல மதினி."

நான் சிரித்தேன். அம்மா என்னை முறைத்தாள். அத்தை கொல்லைப் பக்கம் போய் முகம் கழுவ ஆரம்பித்தாள், வெகுநேரம் கழுவினாள்.

ஒரு வாரம் நான் அவளோடு சரியாகப் பேசவில்லை. பூனைக்காக அழுத மாதிரி நின்றவள், பூனை பிழைத்த பிறகு ஏன் அதை விட்டுவிட்டு வர வேண்டும்? யார் யோசனை கடைசியில் ஜெயித்தது என்பதும் தெரியவில்லை. அம்மா சொன்ன கம்பத்துக்குத்தான் போனோம். ஆனால் அம்மாதான் தோற்ற மாதிரி நடமாடினாள். அவளிடமே கேட்டேன். "கம்பம் டாக்டர் நல்ல டாக்டர்" என்று மட்டும் சொன்னாள்.

சீனிக்கு அதன் பிறகு இரண்டு முறை அடைத்தது. இரண்டு முறையும் மாமா தூக்கிக்கொண்டு ரோட்டைக் கடந்து ஓடியதாகவும், பிழைத்துக்கொண்டதாகவும் அப்பாவுக்குப் போன் வந்தது. அத்தை சின்னமனூரிலேயே இருந்தாள்.